செலஸ்ட் விளையாட்டு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

செலஸ்ட்டை யாருக்காவது சிபாரிசு செய்தால் இரண்டு நாளில் செய்தி வந்துவிடும். முதலில் ‘ரொம்ப நல்லா இருக்கு’. அடுத்ததாக ‘இந்த ஒரு இடத்தைத் தாண்டவே முடியல’. வருடக்கணக்கில் ஒரே மாதிரியான சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி வந்ததில், எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதல் தடவை விளையாடுபவர்கள் ஏழாவது அத்தியாயம் பற்றிய கேள்வி வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பவை மலை ஏறி முடித்தவர்களுக்கு.

செலஸ்ட்னா என்ன கேம்? கதை இருக்கா, இல்ல வெறும் குதிக்கிறதுதானா?

மேடலின் என்ற பெண் செலஸ்ட் என்ற மலையின் உச்சிக்குப் போக நினைக்கிறாள். ஏன் போகிறாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குப் பதட்டமும் மனச்சோர்வும் உண்டு. மலை அவற்றை அவள் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிப்பது, காற்றில் பாய்வது, சுவரைப் பற்றி ஏறுவது என்று கையில் இருப்பவை மூன்றே செயல்கள். பாய்வதைத்தான் டேஷ் என்கிறார்கள். கடைசி வரை பட்டன்கள் இவை மட்டும்தான்.

மேடி தார்சன், நோயல் பெர்ரி இருவரும் 2015-இல் பிகோ-8 என்ற சின்னக் கற்பனைக் கணினிக்காக நான்கே நாளில் ஒரு குட்டி விளையாட்டைச் செய்தார்கள். அது வளர்ந்து, 2018 ஜனவரி 25 அன்று முழு விளையாட்டாக வெளிவந்தது. இசை லீனா ரெய்ன். அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த சுயாதீன விளையாட்டுக்கான விருதையும், சமூகத் தாக்கம் உள்ள விளையாட்டுக்கான விருதையும் பெற்றது. கதையும் குதிப்பதும் இதில் தனித்தனி இல்லை. மேடலின் மூச்சு வாங்கும் இடத்தில் உங்களுக்கும் மூச்சு வாங்கும்.

கன்ட்ரோலர் இல்ல. கீபோர்டுல விளையாட முடியுமா?

தாராளமாக முடியும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. கணினியில் அம்புக்குறி விசைகளால் நகரலாம். சி குதிக்க, எக்ஸ் டேஷ் செய்ய, இசட் சுவரைப் பிடிக்க. கை வலித்தால் அமைப்புகளுக்குள் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் இருந்தால் ஒரு யோசனை: திசைக்கு அனலாக் குச்சியை விட டி-பேடு (கூட்டல் குறி வடிவில் இருக்கும் திசைப் பட்டன்) நல்லது. டேஷ் எட்டுத் திசைகளில்தான் போகும். குச்சி கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே போக வேண்டியவள் குறுக்கே போய்விடுவாள். நான் பாதி ஆட்டம் வரை குச்சியில் விளையாடி, பிறகுதான் மாறினேன். ஆரம்பத்திலேயே மாறியிருக்கலாம்.

எத்தனை தடவை சாகலாம்? லைஃப் தீர்ந்துடுமா?

தீராது. லைஃப் கணக்கே கிடையாது. செத்தால் அதே அறையின் தொடக்கத்தில் ஒரு நொடி போல நேரத்தில் மறுபடி நிற்பீர்கள். பாட்டுகூட நிற்காது. பெரும்பாலான அறைகள் ஒரு திரை அளவுதான்; அதைத் தாண்டினால் அடுத்த அறை, அடுத்த தொடக்கம். தொலைவதெல்லாம் சில நொடிகள்தான்.

சாவு எண்ணிக்கையை விளையாட்டு கணக்கு வைக்கும், அத்தியாய முடிவில் காட்டும். அதைப் பார்த்துப் பலர் சுருங்கிப் போகிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு அஞ்சலட்டை, அந்த எண்ணிக்கையை நினைத்துப் பெருமைப்படுங்கள், எவ்வளவு சாகிறீர்களோ அவ்வளவு கற்கிறீர்கள் என்கிறது. அதை அப்படியே நம்புங்கள். முதல் தடவை முடித்தபோது என் கணக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

டேஷ் சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல. பட்டன் கோளாறா?

மேடலினின் தலைமுடியைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் டேஷ் கைவசம் இருக்கிறது. நீலமாக இருந்தால் ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள். தரையில் கால் பட்டதும் திரும்பக் கிடைக்கும். பச்சை நிறப் படிகங்களைத் தொட்டாலும் கிடைக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் கிடைக்காது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

சுவர்ல ஏறும்போது பாதியில கை விட்டுடறா. ஏன்?

பிடிக்கும் வலு தீர்ந்துவிட்டது. திரையில் அதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. தீரும் நிலையில் மேடலின் சிவப்பாக மின்னுவாள், அதுதான் எச்சரிக்கை. சும்மா தொங்கினால் பத்துப் பதினோரு நொடி தாங்கும். விடாமல் மேலே ஏறினால் இரண்டரை நொடிக்குள் போய்விடும். பிடித்தபடியே நேர் மேலே குதித்தால் ஒவ்வொரு குதியும் கால் பங்கு வலுவைத் தின்னும்.

சுவரை உதைத்து எதிர்ப்பக்கம் குதிப்பதற்கு வலுவே செலவாகாது. எதிரெதிரே இரண்டு சுவர்கள் இருந்தால் பிடிக்காமல் மாறி மாறி உதைத்து ஏறுங்கள். முன் கேள்வியில் சொன்ன பச்சைப் படிகம் டேஷோடு சேர்த்து வலுவையும் நிரப்பித் தரும்.

நான் சரியாத்தான் அழுத்தறேன், ஆனாலும் சாகறேன். கேம் ஏமாத்துதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசை. செலஸ்ட் ஏமாற்றுவது உண்மைதான், ஆனால் உங்களுக்குச் சாதகமாக! மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க விடுகிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே குதிக்கும் பட்டனை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்துத் தொட்ட கணத்தில் குதிக்க வைக்கிறது. குதித்து மேலே போகையில் தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால், ஒதுக்கி மேலே அனுப்பிவிடுகிறது. சுவரைத் தொடாமல் இரண்டொரு பிக்சல் தள்ளி இருந்தாலும் உதைத்துக் குதிக்கலாம். பட்டனை விடாமல் வைத்திருந்தால் குதியின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகிறது. எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

முள் விஷயத்திலும் தாராளம்தான். மேல் நோக்கி நிற்கும் முட்களைப் பக்கவாட்டிலிருந்து தொட்டாலும், அந்த நேரம் நீங்கள் மேலே போய்க்கொண்டிருந்தால் சாவதில்லை. முள் நீட்டியிருக்கும் திசைக்கு எதிராக வந்தால்தான் குத்தும். இந்தச் சலுகைகளையெல்லாம் மேடி தார்சனே வெளிப்படையாக விளக்கியிருக்கிறார். மேடலினை இயக்கும் நிரலையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

அதனால் ‘சரியாகத்தான் அழுத்தினேன்’ என்று தோன்றும்போது, அழுத்தியது வேறாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த பதிலில்.

ஒரே ரூம்ல நூறு தடவை செத்துட்டேன். என்ன பண்றது?

எங்கே செத்தீர்கள் என்று பார்க்காமல் எப்படிச் செத்தீர்கள் என்று பாருங்கள். நான்காம் அத்தியாயத்தில் அம்புக்குறி போட்ட கட்டைகள் வரும். ஏறி நின்றதும் நகரத் தொடங்கும். அப்படிப்பட்ட ஓர் அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டேன். கட்டையிலிருந்து குதித்து, நேர் மேலே டேஷ் செய்து விளிம்பைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலப்பக்க முட்களில் போய்ச் செருகிக்கொண்டேன். தாமதமாக அழுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் சீக்கிரம் அழுத்தினேன், இன்னும் சீக்கிரம் செத்தேன். கடைசியில் திரையை விட்டுவிட்டு என் கட்டைவிரலைப் பார்த்தேன். குதிக்கும்போது வலப்பக்கம் அழுத்தியிருந்த விரல், டேஷ் செய்யும் நேரத்திலும் அங்கேயே இருந்தது. மேல், வலம் இரண்டும் சேர்ந்ததால் அவள் குறுக்கே பாய்ந்தாள். டேஷுக்கு முன் விரலை ஒரு கணம் முழுதாக எடுத்துவிட்டு மேலே மட்டும் அழுத்தினேன். மூன்றாவது முயற்சியில் தாண்டிவிட்டேன்.

எனவே அறையை மூன்று நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசித் துண்டை ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முதல் துண்டு கண்ணை மூடினாலும் வரும் வரை அதை மட்டும் பழகுங்கள். செத்த கணத்தில் முடி என்ன நிறம், எந்த விரல் எதன் மேல் இருந்தது, பயத்தில் டேஷை முன்கூட்டியே தட்டிவிட்டீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி பத்து தடவை செத்தால் பாதையே தப்பாக இருக்கலாம். வேறு வழி இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். இரட்டைக்குழல் தொலைநோக்கி நிற்கும் இடங்களில் அதன் வழியே முன்னால் இருப்பதைப் பார்க்கலாம். பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

அப்புறம், எழுந்து போய்ப் படுங்கள். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. இரவு முழுக்க வராத அறை காலையில் இரண்டாவது முயற்சியில் வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். களைத்த விரல் தப்பான அசைவையே மனப்பாடம் செய்கிறது.

ரெண்டாவது அத்தியாயத்துல ஒருத்தி துரத்தறாளே, அவகிட்டருந்து எப்படித் தப்பிக்கிறது?

அவள் உங்களைக் குறி வைத்து ஓடிவரவில்லை. நீங்கள் போன பாதையை, நீங்கள் செய்த ஒவ்வொரு அசைவையும், சிறிது நேர இடைவெளியில் அப்படியே திரும்பச் செய்கிறாள். இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நின்றால் பிடிபடுவீர்கள். வந்த வழியிலேயே திரும்பினால் எதிரே வந்து மோதுவாள். போகப்போக அவளின் பிரதிகள் கூடும், விதி அதேதான்.

திரும்பி வந்தே ஆக வேண்டிய அறைகளில் போகும்போது கீழ்ப்பாதை, வரும்போது மேல்பாதை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓட வேண்டும் என்பதில்லை, தயங்காமல் போனால் போதும்.

ஸ்ட்ராபெரி எல்லாத்தையும் எடுக்கணுமா?

வேண்டாம். மொத்தம் 175 சிவப்பு ஸ்ட்ராபெரிகள். கடைசியில் செய்யும் ஸ்ட்ராபெரி பை எப்படி அமைகிறது என்பதைத் தவிர அவற்றால் கதையில் எதுவும் மாறாது. நண்பர்களை அசத்தத்தான் உதவும் என்று விளையாட்டே சொல்லிவிடுகிறது. முதல் சுற்றில் கண்ணுக்குப் பட்டதை ஐந்தாறு தடவை முயன்று பாருங்கள், வரவில்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். எந்த அத்தியாயத்துக்கும் பிறகு திரும்பி வரலாம்.

தொட்டதும் கணக்கில் சேராது. பத்திரமான தரையில் நின்றால்தான் உங்களுடையது. இறக்கை முளைத்த ஸ்ட்ராபெரி இருக்கும் அறையில் டேஷ் செய்தால் அது பறந்துவிடும்.

அசிஸ்ட் மோட் போட்டா அது ஏமாத்துற மாதிரி ஆகாதா?

ஆகாது. விளையாட்டின் வேகத்தை 50 சதவீதம் வரை குறைக்கலாம், பிடிக்கும் வலுவைத் தீராமல் வைக்கலாம், காற்றில் கூடுதல் டேஷ் வாங்கலாம், சாகாமலே இருக்கலாம், ஓர் அத்தியாயத்தையே தாண்டிப் போகலாம். இவை செய்தவர்களே யோசித்து உள்ளே வைத்த வசதிகள். கை நடுக்கம் உள்ளவர்கள், விரல் வேகம் குறைந்தவர்கள், இந்த வகை விளையாட்டை முதன்முதலாகத் தொடுபவர்கள் என்று பலர் இதன் வழியாகத்தான் மேடலினைச் சந்தித்திருக்கிறார்கள். ‘அப்படி முடித்தால் கணக்கில் வராது’ என்று சொல்பவர்களோடு எனக்குச் சற்றும் உடன்பாடு இல்லை.

ஆனால் ஒன்று. வெறும் எரிச்சலில் உடனே போடாதீர்கள். இரண்டு நாள் முயன்றும் மகிழ்ச்சியே இல்லை என்றால் போடுங்கள். அப்போதும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்காமல் வேகத்தை மட்டும் 90 அல்லது 80 ஆக்கிப் பாருங்கள். அசைவுகள் அதேதான், யோசிக்க நேரம் மட்டும் கூடுகிறது. கை பழகியதும் மறுபடி 100-க்கு வரலாம்.

எனக்குப் பதட்டம் அதிகம். இது சரிப்பட்டு வருமா?

இது ஆளுக்கு ஆள் மாறும். நான்காம் அத்தியாய முடிவில் மலைக்கு மேலே தொங்கும் கம்பிவடப் பெட்டியில் மேடலினுக்குப் பீதி தாக்குகிறது. உடன் வரும் தியோ ஒரு வழி சொல்லித் தருகிறான்: கண் முன்னால் ஓர் இறகு மிதப்பதாக நினைத்துக்கொள், உன் மூச்சால் அதை மேலும் கீழும் அசைத்து நிறுத்து. அந்த இறகை அசைப்பதும் நீங்கள்தான். என் மூச்சும் அதோடு சேர்ந்து நிதானமானதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

அதே நேரம் மூன்றாம், ஐந்தாம் அத்தியாயங்களில் நெருக்குதல் அதிகம். ஒரு அறைக்கு ஒரு அமர்வு என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

அஞ்சாவதுல தியோவைத் தூக்கிட்டுப் போக முடியல.

பிடிக்கும் பட்டனை விட்டால் எறிவீர்கள். கீழ்த்திசையை அழுத்திக்கொண்டு விட்டால் காலடியில் மெதுவாக வைப்பீர்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள்.

ஏழாவது அத்தியாயம் ஏன் இவ்வளவு நீளம்? முடியவே முடியாதா?

ஏனென்றால் மலையை அடிவாரத்திலிருந்து திரும்ப ஏறுகிறீர்கள். இதுவரை பார்த்த ஒவ்வோர் அத்தியாயத்தின் பொருள்களும் வரிசையாக வரும். வித்தியாசம், இப்போது இரண்டு டேஷ் இருக்கிறது. முடி இளஞ்சிவப்பு என்றால் இரண்டும் கைவசம், சிவப்பு என்றால் ஒன்று மிச்சம், நீலம் என்றால் ஒன்றுமில்லை. ஒரு டேஷுக்குப் பழகிய விரல் இரண்டாவதை மறந்துவிடும். விழும்போதெல்லாம் ‘இன்னொன்று இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பகுதியில் எண் போட்ட கொடிகள் 30-லிருந்து இறங்கி வரும். அதை ஒரே மூச்சில் முடிப்பது ஒரு தனி அனுபவம். இரவு வெகு நேரமாகிவிட்டால் அதைத் தொடாமல் மறுநாளுக்கு வைத்துவிடுங்கள்.

பி-சைடு, சி-சைடுன்னா என்ன? அதையும் முடிச்சாத்தான் முடிச்ச மாதிரியா?

அத்தியாயங்களில் மறைந்திருக்கும் கேசட்டை எடுத்தால் அதன் பி-சைடு திறக்கும். அதே பொருள்கள், அதே பாட்டின் வேறொரு வடிவம், ஆனால் பல மடங்கு கடினம். சி-சைடு அதைவிடவும் கடினம். அறைகள் மிகச் சில. கதை ஏழாவதோடும் முடிவுரையோடும் நிறைவாகிவிடுகிறது. எட்டாவதான மையப்பகுதிக்குள் போக, வழியில் தேடிச் சேர்க்கும் கிரிஸ்டல் இதயங்கள் நான்கு வேண்டும்.

முதலாம் அத்தியாயத்தின் பி-சைடைக் கட்டாயம் முயன்று பாருங்கள். ஒரு அறையில் நூறு தடவை என்ற பதிலில் சொன்ன பழக்கங்கள் முழுதாகப் பயன்படுவது இங்கேதான்.

வீடியோவுல எல்லாரும் அம்பு மாதிரி பறக்கறாங்க. என்கிட்ட அந்தப் பவர் ஏன் இல்ல?

உங்களிடமும் இருக்கிறது. முதல் அறையிலிருந்தே இருந்தது, யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். தரையில் நின்று பக்கவாட்டில் டேஷ் செய்து, அது முடிவதற்குள் குதித்தால் வேகம் கூடவே வரும். காற்றிலிருந்து கீழ்க்குறுக்காக டேஷ் செய்து, தரையில் பட்டதும் குதித்தால் வேவ்டேஷ். தாழ்வாக, நீளமாகப் போவீர்கள். கால் தரையில் பட்டதால் டேஷும் திரும்பக் கிடைக்கும்படி செய்யலாம். அதற்குக் குதியைச் சற்றே தாமதிக்க வேண்டும்.

பழக, முட்கள் இல்லாத நீளமான தரை உள்ள அறை எதுவானாலும் சரி. முதலில் ‘டேஷ்... குதி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தாளம் பிடிபட்ட பிறகு வேகம் தானாக வரும்.

ஃபேர்வெல்லை எப்போ தொடங்கலாம்?

2019 செப்டம்பர் 9 அன்று இலவசமாக வந்த ஒன்பதாவது அத்தியாயம் அது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகள். முதல் ஏழின் கதை தெரியாமல் தொடங்கினால் அதன் துக்கம் உங்களைத் தொடாது. பி-சைடுகளில் பாதியாவது முடித்துவிட்டு வாருங்கள். வேவ்டேஷை அதற்குள்ளேயே படம் போட்டு விளக்கும் ஒரு காட்சி உண்டு. முன்பே பழகியிருந்தால் அந்தக் காட்சியை இன்னும் ரசிக்கலாம்.

தங்க ஸ்ட்ராபெரி எடுத்துப் பார்க்கலாமா?

அத்தியாயத்தின் தொடக்கத்தில் எடுத்து, ஒருமுறைகூடச் சாகாமல் முடிவு வரை கொண்டுபோக வேண்டும். இவ்வளவு நேரம் ‘சாவு ஒன்றுமில்லை’ என்று சொன்னதற்கு நேர் எதிர் இது. பிடித்த அத்தியாயம் ஒன்று, அநேகமாக முதலாவது, இருந்தால் முயலுங்கள். பிடிக்காததில் முயன்றால் அந்த அத்தியாயமே கசந்துவிடும்.

எல்லாம் முடிச்சாச்சு. இன்னும் ஏதாவது இருக்கா?

மூன்றாம் அத்தியாயத்தின் விடுதிக்குத் திரும்பிப் போங்கள். அங்கே ஒரு மறைவான அறையில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் முதல் பதிலில் சொன்ன அந்த நான்கு நாள் விளையாட்டு திறக்கும். முப்பது சின்ன அறைகள், பெரிய பிக்சல்கள், சுவரைப் பிடிக்க முடியாத மேடலின். 2018-இன் மேடலினில் பழகிய விரல் இங்கே தானாகப் பிடிக்கும் பட்டனைத் தேடும். அங்கிருந்து உச்சி மூவாயிரம் மீட்டர்.